பரிசுத்த வித்தும் மோவாபியப் பெண்ணும்: சிறையிருப்புக்குப் பிந்தைய யூதச் சமூகத்தில் கலப்புமணம்

எபிரேய வேதத்திலுள்ள எஸ்றாவின் நூல் ஒரு பெயர்ப் பட்டியலோடு முடிகிறது. வேற்றினப் பெண்களை மணந்திருந்ததாக விசாரணையில் கண்டறியப்பட்ட ஆண்களின் பட்டியல் அது. ஆசாரியர் 17 பேர், லேவியர், பாடகர், வாசல் காவலர் என 10 பேர், மற்றவர்கள் பொதுமக்கள், மொத்தம் ஏறக்குறைய 110 பேர். ஒவ்வொருவரும் தத்தம் வம்சத்தின் தலைப்பின் கீழ் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கிறார்கள். அந்த ஆண்களின் மனைவியரில் ஒருவரின் பெயர்கூட அதில் இல்லை. அவர்கள் எந்த ஊரினர், எந்தக் குடும்பத்தினர், எந்தத் தெய்வத்தை வணங்கினர் என்பதும் சொல்லப்படவில்லை. கி.மு. 5-ஆம் நூற்றாண்டின் யூதச் சமூகத்தில் எழுந்த கலப்புமணச் சர்ச்சையைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர் இந்த மௌனத்திலிருந்து தொடங்குவதே நல்லது. ஏனென்றால், அந்தப் பெண்கள் உண்மையில் அந்நியர்கள்தானா என்பதே இந்த வரலாற்றின் மையக் கேள்வி.

கி.மு. 587 அல்லது 586-இல் பாபிலோனியப் படை எருசலேமை அழித்தபோது, யூதாவின் அரச குடும்பத்தாரும் ஆசாரியரும் கைவினைஞரும் செல்வந்தரும் சிறைப்பிடித்துக் கொண்டுபோகப்பட்டார்கள். உழவர்களும் ஏழைகளும் பெரும்பாலும் தங்கள் மண்ணிலேயே விடப்பட்டார்கள். ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பிறகு பாரசீக மன்னன் கோரேசு பாபிலோனைக் கைப்பற்றி, விரும்பியோர் திரும்பிச் செல்லலாம் என்று அனுமதித்தான். திரும்பி வந்தவர்கள் கண்டது ஆளற்ற நிலத்தை அல்ல. தங்கள் முன்னோரின் வயல்களில் வேறு கைகள் உழுதுகொண்டிருந்தன. அந்தக் கைகளுக்குரியவர்களில் பலர் யூதாவை விட்டு ஒருபோதும் போகாத யூதாவினரே. நிலம் யாருக்குரியது என்ற பூசல் எருசலேம் வீழ்வதற்கு முன்பே முளைத்துவிட்டது என்பதற்கு எசேக்கியேல் நூலின் 11-ஆம் அதிகாரம் சான்று. அந்த அழிவுக்குச் சில ஆண்டுகளுக்கு முன், கி.மு. 597-இல், முதலில் நாடுகடத்தப்பட்டவர்களைப் பற்றி, அவர்கள் கர்த்தரை விட்டுத் தூரமாய்ப் போய்விட்டார்கள், தேசம் எங்களுக்கே தரப்பட்டது என்று எருசலேமில் எஞ்சியிருந்தவர்கள் பேசிக்கொண்டதை அது பதிவு செய்கிறது.

திரும்பியவர்களோ தங்களைச் சிறையிருப்பின் மக்கள் என்று அழைத்துக்கொண்டு, உண்மையான இஸ்ரவேல் தாங்களே என்று கருதினார்கள். மற்றவர்களை அவர்கள் தேசத்து ஜனங்கள் என்ற பொதுப்பெயரில் அடக்கினார்கள். நாங்களும் உங்கள் தேவனையே தேடுகிறோம், ஆலயத்தைச் சேர்ந்து கட்டுவோம் என்று கேட்டு வந்தவர்களை யூதத் தலைவர்கள் திருப்பி அனுப்பிய செய்தி எஸ்றாவின் 4-ஆம் அதிகாரத்தில் உள்ளது. கி.மு. 515-இல் ஆலயம் கட்டி முடிக்கப்பட்டது. ஆனால் அரசன் இல்லை, படை இல்லை. யெகூத் என்ற பெயருடைய ஒரு சிறிய பாரசீக மாகாணம் மட்டுமே இருந்தது. முன்பு, யூதாவின் அரசனுக்கு அடங்கியவன் யூதாவினன் என்று சொல்லிவிட்டுப் போகலாம். அந்த அளவுகோல் உடைந்த பிறகு, ஆலயமும் மோசேயின் சட்டமான நியாயப்பிரமாணமும் வம்ச அட்டவணையும் அதன் இடத்துக்கு வந்தன. அட்டவணையில் தங்கள் பெயரைக் காட்ட முடியாத ஆசாரியக் குடும்பங்கள் சில ஆசாரிய ஊழியத்திலிருந்து விலக்கப்பட்டதும் அந்நாளில் நடந்ததுதான்.

ஆசாரியரும் வேதபாரகருமான எஸ்றா பாபிலோனிலிருந்து எருசலேமுக்கு வந்தது பாரசீக மன்னன் அர்தசஷ்டாவின் ஏழாம் ஆண்டில். அம்மன்னன் முதலாம் அர்தசஷ்டா என்றால் கி.மு. 458, இரண்டாம் அர்தசஷ்டா என்றால் கி.மு. 398. ஆய்வாளர்களிடையே இரண்டு கருத்துகளும் உண்டு. வந்த சில மாதங்களில் தலைவர்கள் அவரிடம் முறையிட்டார்கள்: மக்களும் ஆசாரியரும் லேவியரும் தேசத்து ஜனங்களிடம் பெண் கொண்டிருக்கிறார்கள், பரிசுத்த வித்து, அதாவது தூய வம்சம், கலந்துபோயிற்று, இதில் முன்னணியில் நிற்பவர்கள் தலைவர்களே. எஸ்றா தம் ஆடையைக் கிழித்து, தலைமயிரையும் தாடியையும் பிடுங்கி, மாலைப் பலி நேரம்வரை திகைத்து உட்கார்ந்திருந்தார். பிறகு, பாவத்தை அறிக்கையிடும் நீண்ட ஜெபம். ஜெபம் முடியும் வேளையில் செக்கனியா என்ற ஒருவன் எழுந்து, அந்தப் பெண்களையும் அவர்களுக்குப் பிறந்தவர்களையும் அனுப்பிவிடுவோம் என்று உடன்படிக்கை செய்யலாம் என்றான்.

இந்தச் செக்கனியா ஏலாம் புத்திரரில் ஒருவனான யெகியேலின் மகன். நூலின் இறுதியிலுள்ள பட்டியலிலும் ஏலாம் புத்திரரின் கீழ் ஒரு யெகியேல் இருக்கிறான். இருவரும் ஒருவரே என்றால், செக்கனியா கலைக்கச் சொன்னது தன் தந்தையின் குடும்பத்தையே. வெளியே அனுப்பப்பட வேண்டியவர்களில் அவனுடைய சிற்றன்னையும் தம்பி தங்கையரும் இருந்திருக்கக்கூடும். பெயர் ஒற்றுமையை வைத்து இதற்கு மேல் உறுதியாகச் சொல்ல இயலாது. ஆனாலும் அந்த இரு வரிகளையும் சேர்த்துப் படிக்கும்போது, இது சட்டத்தோடு நின்ற விவகாரமல்ல, வீட்டுக்குள் புகுந்த விவகாரம் என்பது நெஞ்சில் தைக்கிறது.

மூன்று நாளுக்குள் எருசலேமுக்கு வராதவனுடைய சொத்து பறிமுதல் செய்யப்படும், அவன் சபையிலிருந்து விலக்கப்படுவான் என்று பறைசாற்றப்பட்டது. ஒன்பதாம் மாதம் 20-ஆம் தேதி, குளிர்கால அடைமழையில், ஆலயத்தின் முன்னிருந்த வெளியில் மக்கள் நடுங்கியபடி கூடினார்கள். மழைக்காலம், வெளியே நிற்க முடியவில்லை, ஒருநாள் இருநாளில் முடியும் காரியமல்ல என்று அவர்கள் வேண்டிக்கொண்டதன்பேரில் விசாரணைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. அது பத்தாம் மாதத்தின் முதல் நாளில் அமர்ந்து, முதலாம் மாதத்தின் முதல் நாளில், அதாவது மூன்று மாதத்தில், வேலையை முடித்தது. யோனத்தான், யக்சியா என்ற இருவர் எதிர்த்து நின்றார்கள் என்றே எபிரேய மூலத்தின் அந்த வரியைப் பெரும்பாலோர் படிக்கிறார்கள். அவர்கள் ஏன் எதிர்த்தார்கள் என்பதற்கு விளக்கம் தரப்படவில்லை. இறுதியில் அந்தப் பெண்கள் உண்மையிலேயே அனுப்பப்பட்டார்களா என்பதும் எபிரேய மூலத்தில் தெளிவாக இல்லை. கடைசி வசனம், அவர்களில் சிலருக்கு அந்த மனைவியர் மூலம் பிள்ளைகளும் இருந்தார்கள் என்று சொல்லித் தடுமாற்றத்தோடு நின்றுவிடுகிறது. இதே வரலாற்றைக் கூறும் கிரேக்க எஸ்திராஸ் நூல்தான், பிள்ளைகளோடு அவர்களை அனுப்பிவிட்டார்கள் என்று முடித்துச் சொல்கிறது.

எஸ்றாவின் சபை எந்தச் சட்டத்தின்மேல் நின்றது? கானான் தேசத்தின் ஏழு இனத்தாரோடு சம்பந்தம் கலக்கக் கூடாது என்று மோசேயின் சட்டநூல்களில் ஒன்றான உபாகமத்தின் 7-ஆம் அதிகாரம் சொல்கிறது. காரணம், அவர்கள் உங்கள் பிள்ளைகளை வேறு தெய்வங்களின் பக்கம் திருப்பிவிடுவார்கள் என்பது. அம்மோனியரும் மோவாபியரும் பத்தாம் தலைமுறையிலும் கர்த்தரின் சபைக்குள் வரலாகாது என்கிறது உபாகமம் 23. எகிப்தியருக்கும் ஏதோமியருக்கும் மூன்றாம் தலைமுறையில் அதே அதிகாரம் வாசலைத் திறந்துவிடுகிறது. எஸ்றா 9-இல் இவ்விரண்டும் ஒன்றாய்ப் பின்னப்பட்டுள்ளன. கானானியர், ஏத்தியர், பெரிசியர், எபூசியர், எமோரியர் என்று அங்கே அடுக்கப்படும் இனங்களில் பல, 5-ஆம் நூற்றாண்டில் தனி இனங்களாக இல்லவே இல்லை. ஆகவே அந்தப் பட்டியல் அண்டை வீட்டாரைப் பார்த்து எழுதப்பட்டதல்ல. பழைய சட்டத்தின் பெயர்களை அண்டை வீட்டார்மேல் பொருத்தி எழுதப்பட்டது.

அதைவிடப் பெரிய மாற்றம், பரிசுத்த வித்து என்ற கருத்தில் நிகழ்ந்தது. மோசேயின் சட்டப்படி பிரதான ஆசாரியன் தன் சொந்த ஜனத்துக் கன்னிகையையே மணக்க வேண்டும். அது ஆசாரியத்துவத்துக்கான கட்டுப்பாடு; பொதுமக்களுக்கு அப்படியொரு வம்சத் தூய்மை முன்பு விதிக்கப்பட்டதில்லை. மோசேயே மீதியான் தேசத்துச் சிப்போராளை மணந்தவர். யோசேப்பின் மனைவி எகிப்திய ஆசாரியன் மகள். போரில் பிடிபட்ட பெண்ணை மணப்பதற்கு உபாகமம் 21 முறை வகுத்தே தருகிறது. எஸ்றாவின் காலத்தில் ஆசாரியருக்குரிய தூய்மை மக்கள் அனைவர்மேலும் விரிக்கப்பட்டது. இதன் விளைவு கடுமையானது. வேற்றுத் தெய்வம்தான் சிக்கல் என்றால், அந்தப் பெண் தன் தெய்வத்தை விட்டு வந்ததும் சிக்கல் தீர்ந்துவிடும். வித்தே சிக்கல் என்றால், அவள் எதைச் செய்தாலும் தீராது. எஸ்றா 9, 10 அதிகாரங்களில் அந்தப் பெண்களிடம் எவரும் எதையும் கேட்கவில்லை. நீ யாரை வணங்குகிறாய் என்றுகூடக் கேட்கவில்லை.

இதை வெறும் குருட்டு வெறுப்பு என்று தள்ளிவிடுவது நியாயமல்ல. சமூகம் மிகச் சிறியது. அதன் நினைவில் ஒரு பேரழிவு இருந்தது. அந்த அழிவு முன்னோர் பிற தெய்வங்களை நாடியதற்கான தண்டனை என்று தீர்க்கதரிசிகள் விளக்கியிருந்தார்கள். இன்னொரு முறை அப்படி நேர்ந்தால் மிச்சம் எவரும் இருக்கமாட்டார்கள் என்ற அச்சம் எஸ்றாவின் ஜெபத்தின் ஒவ்வொரு வரியிலும் கேட்கிறது. நிலமும் இதில் கலந்திருந்தது. மனைவி வழியாகவும் பிள்ளைகள் வழியாகவும் குடும்ப நிலம் சமூகத்துக்கு வெளியே போய்விடலாம் என்ற கவலை, சபைக்கு வராதவனின் சொத்தைப் பறிக்கும் ஆணையோடு பொருந்திப் போகிறது. ஏதென்ஸில் பெரிக்ளீஸ் கி.மு. 451-இல் கொண்டுவந்த சட்டமும், தாய் தந்தை இருவரும் ஏதெனியராய் இருந்தால்தான் மகன் குடிமகன் என்றது. ஒரே தலைமுறையில், ஒன்றையொன்று அறியாத இரு சமூகங்கள், உரிமையைப் பங்கிடும் வட்டத்தைத் திருமணத்தின் வழியே இறுக்கிக்கொண்டன.

நெகேமியாவிடம் வரும்போது காட்சி மாறுகிறது. கி.மு. 445-இல் ஆளுநராய் வந்து எருசலேமின் மதிலைக் கட்டியவர் அவர். அவருக்கு எதிரிகளாய் நின்ற சமாரியாவின் சன்பல்லாத்தையும் அம்மோனியன் எனப்படும் தொபியாவையும் நாம் புறஜாதியார், அதாவது யூதரல்லாதவர், என்றே எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால் தொபியா என்ற பெயரே, அதன் 'யா' என்ற ஈற்றில், கர்த்தரின் பெயரைத் தாங்கிய பெயர். சன்பல்லாத்தின் மகன்களின் பெயர்களான தெலாயா, செலேமியா ஆகியவையும் அப்படியே. அவர்களும் இஸ்ரவேலின் தேவனை ஏதோ ஒரு வகையில் வணங்கிய குடும்பத்தாரே என்று கொள்வதே பொருத்தம். தொபியா யூதாவின் பெருங்குடி ஒன்றுக்கு மருமகன். அவனுடைய மகன் யோகனானோ, மதிலின் ஒரு பகுதியைக் கட்டிய மெசுல்லாமின் மகளை மணந்தவன். யூதாவின் பெரியவர்களுக்கும் தொபியாவுக்கும் இடையே கடிதங்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தன என்று நெகேமியாவே எழுதுகிறார். ஆலயத்தில் காணிக்கைகளை வைத்திருந்த பெரிய அறையை எலியாசீப் என்ற ஆசாரியன் தொபியாவுக்கு ஒழித்துக் கொடுத்திருந்தான். பாரசீக மன்னனிடம் போயிருந்த நெகேமியா திரும்பி வந்து பார்த்ததும் அவனுடைய தட்டுமுட்டுச் சாமான்களையெல்லாம் வெளியே எறிந்தார். பிரதான ஆசாரியனின் பேரன் ஒருவன் சன்பல்லாத்தின் மருமகனாகியிருந்தான், அவனையும் துரத்திவிட்டார்.

அவர் கோபம் அதோடு நிற்கவில்லை. அஸ்தோத், அம்மோன், மோவாப் பெண்களை மணந்தவர்களின் பிள்ளைகள் பாதி அஸ்தோத் பேச்சைப் பேசினார்கள், யூத பாஷை பேசத் தெரியவில்லை என்று கண்டதும், அந்த ஆண்களைத் திட்டி, சிலரை அடித்து, மயிரைப் பிடுங்கினார். எஸ்றா தம் மயிரைப் பிடுங்கினார், நெகேமியா மற்றவர்களுடையதைப் பிடுங்கினார். ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இனிமேல் பெண் கொடுக்கவும் கொள்ளவும் கூடாது என்று ஆணையிட வைத்தாரே தவிர, ஏற்கெனவே மணந்தவர்களைப் பிரிக்கச் சொன்னதாக நெகேமியா 13-இல் இல்லை. அவருடைய கவலை பெரிதும் அரசியல் சார்ந்தது. மேல்குடிகளின் சம்பந்த வலை அவருடைய ஆட்சியை உள்ளிருந்தே அரித்துக்கொண்டிருந்தது.

அதே காலத்தில் யெகூத்துக்கு வெளியே யூதர்கள் எப்படி மணந்தார்கள் என்பதற்கு, எவரும் பிற்காலத்தில் திருத்தாத ஆவணங்கள் கிடைத்துள்ளன. பாபிலோனின் சிப்பார் நகரில், கி.மு. 534-இல், கஷ்ஷாயா என்ற யூதப் பெண் பாபிலோனியக் குடும்பம் ஒன்றில் மணம் முடித்த ஒப்பந்தம் களிமண் பலகையில் உள்ளது. அவள் அரச வணிகர் குலத்தைச் சேர்ந்தவள்.

எகிப்தின் தெற்கு எல்லையில், அஸ்வானுக்கு எதிரே நைல் நதியிலுள்ள எலிபன்டைன் தீவில், பாரசீகப் படையில் பணிபுரிந்த யூதர்கள் தங்கள் தேவனுக்கு ஓர் ஆலயம் வைத்திருந்தார்கள். அந்த ஆலயத்தின் பணியாளன் அனனியா, கி.மு. 449-இல், மெசுல்லாம் என்ற வேறொருவனின் அடிமையாயிருந்த தாமுத் என்ற எகிப்தியப் பெண்ணை மணந்தான். இன்றுமுதல் என்றென்றைக்கும் இவள் என் மனைவி, நான் இவள் கணவன் என்று அராமிய மொழியில் எழுதிய பாபிரஸ் நம்மிடம் இருக்கிறது. இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, கி.மு. 427-இல், மெசுல்லாம் தன் மறைவுக்குப் பின் அவளும் அவள் மகள் யெகோயிஷ்மாவும் விடுதலை பெறுமாறு எழுதி வைத்தான். மகளின் பெயரிலும் கர்த்தரின் பெயர் இருக்கிறது. கி.மு. 402-ஐச் சேர்ந்த ஆவணத்தில், எகிப்திய அடிமையாய் வந்த அதே பெண், எலிபன்டைனில் வாசம்பண்ணும் தேவனின் பணியாளர் என்று கணவனுக்கு இணையாகக் குறிக்கப்படுகிறாள். எஸ்றாவின் பட்டியலில் ஒரு வரி கிடைக்காத பெண்களுக்கு என்ன வாழ்க்கை வாய்த்திருக்கக் கூடும் என்பதைத் தாமுத்தின் இந்த ஆவணங்கள் காட்டுவதுபோல் வேறெதுவும் காட்டுவதில்லை. அதே தீவில் மிப்தாகியா என்ற யூதப் பெண், எஷோர் என்ற எகிப்தியக் கட்டுமானக்காரனை மணந்தாள். பிற்கால ஆவணங்கள் அவனை நாத்தான் என்ற எபிரேயப் பெயரால் அழைக்கின்றன.

இந்தத் தீவினர் எருசலேமுக்கு அந்நியராய்த் தம்மைக் கருதவில்லை. கி.மு. 410-இல் தங்கள் ஆலயம் இடிக்கப்பட்டபோது எருசலேமின் பிரதான ஆசாரியனுக்கு எழுதினார்கள், பதில் வரவில்லை. கி.மு. 407-இல் யூதாவின் ஆளுநர் பாகோகிக்கு மீண்டும் எழுதி, சன்பல்லாத்தின் மகன்களுக்கும் அறிவித்தார்கள். நெகேமியாவுக்கு எதிரியாயிருந்த ஒரு வீட்டை, எகிப்திலிருந்த யூதர்கள் உதவி கேட்கத் தக்க வீடாகவே பார்த்தார்கள்.

யெகூத்துக்குள்ளும் ஒரே குரல் ஒலிக்கவில்லை. தீர்க்கதரிசி மல்கியா, அந்நிய தேவதையின் மகளை மணப்பதைக் கண்டித்த அதே மூச்சில், இளவயது மனைவிக்குத் துரோகம் செய்து அவளைத் தள்ளிவிடுவதையும் கண்டிக்கிறார். உள்ளூர்ச் செல்வாக்கைத் தேடிச் சிலர் முதல் மனைவியை விலக்கிவிட்டு மறுமணம் செய்திருக்கலாம். ஏசாயா 56-ஆம் அதிகாரமோ, கர்த்தரைச் சேர்ந்த அந்நியன், அவர் என்னைத் தம் ஜனத்திலிருந்து பிரித்துவிடுவார் என்று சொல்லாதிருப்பானாக என்று தொடங்கி, ஓய்வுநாளையும் உடன்படிக்கையையும் காக்கும் அந்நியரின் பலிகள் பலிபீடத்தில் ஏற்கப்படும் என்கிறது. எஸ்றாவின் நூலிலேயே 6-ஆம் அதிகாரத்தில், தேசத்தாரின் அசுத்தத்தை விட்டுப் பிரிந்து வந்தவர்களும் பஸ்கா பண்டிகை விருந்தை உண்டார்கள் என்று ஒரு வரி உள்ளது. வாசல் முற்றாக அடைக்கப்படவில்லை என்பதற்கு அது அடையாளம். நாளாகமத்தின் ஆசிரியர் யூதா கோத்திரத்தின் அட்டவணையை எழுதும்போது, கானானியப் பெண்ணையும், இஸ்மவேலனையும், பார்வோனின் மகளையும், தன் எஜமானின் மகளை மணந்த யர்கா என்ற எகிப்திய அடிமையையும் எந்தக் கண்டனமும் இல்லாமல் அதில் சேர்த்துக்கொள்கிறார்.

எபிரேய வேதத்திலுள்ள ரூத்தின் கதை எப்போது எழுதப்பட்டது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. எஸ்றாவுக்கு எதிராகவே எழுதப்பட்டது என்று சாதிக்க வேண்டியதில்லை. ஆனால் சிறையிருப்புக்குப் பின் அதைக் கேட்டவர் எவருக்கும் அதன் கூர்மை புரியாமல் இருந்திருக்காது. ரூத்தை மோவாபியப் பெண் என்று அந்தக் கதை ஓயாமல் நினைவூட்டுகிறது. பத்தாம் தலைமுறையிலும் சபைக்குள் வரலாகாது என்று விலக்கப்பட்ட இனத்தாள், உன் ஜனம் என் ஜனம், உன் தேவன் என் தேவன் என்று யூதாவினளான தன் மாமியாரிடம் சொல்லி அவளோடு வருகிறாள். மூன்றாம் தலைமுறையில் தாவீது பிறக்கிறான். ஊர் வாசலில் கூடிய மக்களும் மூப்பர்களும் அவளை ராகேலோடும் லேயாளோடும் தாமாரோடும் வைத்து வாழ்த்துகிறார்கள். எஸ்றா வித்தை வைத்து வகுத்த எல்லையை, இந்தக் கதை விசுவாசத்தையும் உறவின் கடமையையும் வைத்து வகுக்கிறது. என் மனம் ரூத்தின் பக்கமே சாய்கிறது. ஆயினும் இரண்டையும் ஒரே வேதத்துக்குள் வைத்துக் காத்தவர்களின் நேர்மை பெரிது.

பிற்காலத்தில் இரண்டு போக்குகளும் வளர்ந்தன. பிரதான ஆசாரியனின் சகோதரன் மனாசே, சன்பல்லாத்தின் மகள் நிக்காசோவை விட்டுப் பிரிய மறுத்தபோது, மாமனார் அவனுக்குச் சமாரியாவின் கெரிசீம் மலையில் ஆலயம் கட்டித் தந்ததாகக் கி.பி. முதல் நூற்றாண்டின் யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதுகிறார். அவர் அதை மகா அலெக்சாந்தரின் காலத்தில் வைக்கிறார். அகழாய்வோ, கெரிசீம் வழிபாட்டிடத்தின் தொடக்கத்தை 5-ஆம் நூற்றாண்டுக்கே கொண்டுபோகிறது. கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட யூபிலி என்ற யூத நூல், மகளைப் புறஜாதியானுக்குக் கொடுப்பவனைக் கல்லெறிந்து கொல்ல வேண்டும் என்ற எல்லைக்குப் போய்விட்டது. அதே நூற்றாண்டில் யூத ஆட்சியாளன் யோவான் கிர்கானு, ஏதோமியர் வழிவந்த இதுமேயரை விருத்தசேதனம் செய்வித்து யூதர்களாக்கினான். வேற்று வித்தில் பிறந்தவனும் யூதனாகலாம் என்பது அங்கே, கட்டாயத்தின் வழியேயானாலும், நடைமுறையாயிற்று.

கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா இந்தச் சிக்கலைச் சட்ட நுணுக்கத்தோடு அவிழ்க்கிறது. அம்மோனியர், மோவாபியர் மீதான தடை ஆண்களுக்கே, அவர்களின் பெண்கள் உடனே சபைக்குள் வரலாம் என்கிறது ஒரு விதி. தாவீதின் பாட்டனைப் பெற்ற ரூத்தைச் சட்டத்துக்குள் நிறுத்த அதைவிட எளிய வழியில்லை. இன்னொரு பகுதியில், யூதா என்ற அம்மோனியன், யூத நெறியைத் தழுவியவன், கல்விக்கூடத்தில் எழுந்து நின்று, நான் சபைக்குள் வரலாமா என்று கேட்கிறான். கூடாது என்கிறார் யூத ஆசான்களில் ஒருவரான ரபான் கமாலியேல், உபாகமத்தைச் சுட்டி. வரலாம் என்கிறார் இன்னோர் ஆசான் ரபி யோசுவா. அம்மோனியரும் மோவாபியரும் இன்னும் தங்கள் இடத்திலா இருக்கிறார்கள்? அசீரிய மன்னன் சனகெரிப் எப்போதோ எழுந்து வந்து எல்லா இனங்களையும் ஒன்றாய்க் கலந்துவிட்டானே என்பது அவருடைய வாதம். எஸ்றாவின் சபை, மறைந்துபோன இனங்களின் பெயரைச் சொல்லி அண்டை வீட்டுப் பெண்களை விலக்கிற்று. ரபி யோசுவா, அந்த இனங்கள் மறைந்துபோயின என்பதையே காரணமாக்கிக் கதவைத் திறந்தார். கல்விக்கூடத்தார் அவர் பக்கம் முடிவெடுத்து, யூதா என்ற அந்த அம்மோனியனைச் சபைக்குள் ஏற்றுக்கொண்டார்கள்.